வெள்ளிப் பெயிண்ட் ஐயா வருகிறார்

கடலோர ஊர் ஒன்றில் ஓடிய பழைய மோட்டார் சைக்கிளில், எஞ்சினைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடித்திருந்த போல்ட்டுக்கு உப்புக்காற்றில் துரு ஏறியது.

"நான் முறிந்தால் எஞ்சின் தொங்கிவிடும். கம்பி பிரஷ்ஷைக் கூப்பிடுங்கள். அவன் சுரண்டட்டும், அப்புறம் கிரீஸ் தடவலாம்" என்று போல்ட் கத்தியது.

எஞ்சினுக்கு எரிச்சல் வந்தது. "ஆயுத பூஜையும் அதுவுமாய் என்னடா கூச்சல்? அந்த முரடன் வந்தால் என் மேலும் கீறுவான். பெயிண்ட் ஐயா வருகிறார், பொறு."

வெள்ளிப் பெயிண்ட் வந்தார். துருவைத் தொடவே இல்லை, அதன் மேலேயே சொகுசாகப் படுத்துக்கொண்டார். வண்டிக்காரர் அவர் மேல் சந்தனப் பொட்டும் வைத்தார்.

"இப்போது ஏதாவது குறை தெரிகிறதா?" என்று கேட்டார் பெயிண்ட்.

"ஒன்றும் தெரியவில்லை, ஐயா!" என்றது மாலை போட்டிருந்த எஞ்சின்.

"உள்ளே துரு என்னைத் தின்கிறானே!" என்று அலறியது போல்ட்.

"உன்னை யாராலும் திருப்திப்படுத்த முடியாதப்பா" என்றார் பெயிண்ட்.

அவருக்கு அடியிலிருந்து துரு ஏப்பம் விட்டது. "கத்தாதீங்க போல்ட்டண்ணே. இதுவரைக்கும் பிரஷ்ஷுக்குப் பயந்து பயந்து தின்றேன். இப்போதுதான் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்."

மறுவாரம் ஒரு வேகத்தடையில் போல்ட் இரண்டாக முறிந்தது. எஞ்சின் ஒரு பக்கமாகத் தொங்கியது.

"துரோகி! நடுரோட்டில் கைவிட்டுவிட்டான்!" என்று அது கூவியது.

ரோட்டில் விழுந்த பாதி போல்ட் விழுந்து விழுந்து சிரித்தது. சட்டத்துக்குள் இருந்த பாதி இன்னும் பிடியை விடவில்லை.