வெள்ளிக்கிழமைக் கோளாறு

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது.

ஒன்று. இரண்டு.

நின்றுவிட்டது.

மீட்டரில் சாவி படம் போட்ட குட்டி விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. இந்தச் சாவியை எனக்குத் தெரியாது என்கிறது வண்டி. நாலு வருடமாகத் தினமும் போட்டு எடுக்கிற சாவியை!

அவளுக்கு இந்த மாதிரிக் கோளாறு என்றால் கொள்ளை ஆசை. பஞ்சர் ஒட்டவும் பிரேக் மாற்றவும் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பது இதற்குத்தான்.

வண்டிக்காரர் இளஞ்சேரன் தன் வீட்டு வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கறுப்புச் சட்டை. அவருடைய வாடகைக் காரில் எலுமிச்சம்பழம் தொங்காது, சாமி பொம்மை உட்காராது. பின்கண்ணாடியில் 'ஏன்? எதற்கு?' என்று மட்டும் ஒட்டியிருக்கும். அவளுடைய கடைக்கு வரும்போதெல்லாம் சாமி காலண்டரைக் காட்டி ஒரு வம்பு இழுக்காமல் போகமாட்டார்.

இன்று வம்பு இல்லை.

மணி நாலரை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆறு மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அவர் மனைவி விசாலம் அங்கே படுத்து இரண்டு மாதம் ஆகிறது. நாளைக் காலை ஆபரேஷன்.

"இதுக்கு முன்னாடி எப்பண்ணே நின்னுச்சு?"

"போன வெள்ளி. அதுக்கு முந்தின வெள்ளி. பஸ் புடிச்சு ஓடுனேன். ரெண்டு நாளும் கேட்டை மூடிட்டான். மறுநாள் காலையில பாத்தா தானா ஸ்டார்ட் ஆவுது."

"இன்னைக்கும் வெள்ளிதான்."

"தற்செயல்," என்றார் வெடுக்கென்று. "எதுக்கும் ஒரு காரணம் இருக்கும்மா. கண்டுபிடிங்க."

மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்த்தாள். அதே இரண்டு நொடி.

அப்படியென்றால் சாவிமேல் குற்றமில்லை. சாவித் துளையைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. சாவியின் தலைக்குள் இருக்கும் சிப்பைப் படிப்பது அதுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே மூன்று ஸ்குரூவைக் கழற்றி, உறையை இறக்கி, டார்ச் அடித்தாள்.

சிவப்பு.

துரு என்று நினைத்தாள். விரலில் தொட்டு முகர்ந்தாள்.

குங்குமம்.

நகத்தால் மெல்லச் சுரண்டினாள். அடியில் உலர்ந்த பொடி. வாரம் ஒரு சிட்டிகையாக, வருடக்கணக்கில் சேர்ந்தது. அதனால் ஒரு கேடும் இல்லை. அதற்கு மேலேதான் வினை. யாரோ தண்ணீரில் குழைத்து அப்பியிருக்கிறார்கள். வாராவாரம் தண்ணீர் கசிந்து இறங்கி, ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு முற்றியிருந்தது. இந்த நிலையில் ஈரம் பட்டால், காயும்வரை வளையம் வேலை செய்யாது. காய்ந்தால் செய்யும்.

பொடி வைத்தது யார் என்று யோசிக்கவே வேண்டாம். விசாலம் அக்கா. கறுப்புச் சட்டைக்காரர் வண்டியில் வேறு எங்கே வைக்க முடியும்? சாவித் துளைக்குள் அவர் எட்டிப் பார்க்கவா போகிறார். அக்காவின் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் இந்த ஈரம்?

இது இன்று காலையில் வைத்தது.

தலையை நிமிர்த்தினாள். இளஞ்சேரன் எதிர்வீட்டு முருங்கை மரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது மோதிர விரலின் நகக்கண் சிவந்திருந்தது.

நாலு வருட வம்புக்கும் சேர்த்து ஒரு கேலி தொண்டை வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

"தண்ணியிலயா கொழைச்சீங்க?"

அவர் விரலை மடக்கி மறைத்தார்.

"பின்ன எப்படி ஒட்டும்?"

"சும்மா விரலால தொட்டு வச்சா போதும்ண்ணே."

"எனக்கென்ன தெரியும்."

காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "அவ வைக்கிறது எனக்கு எப்பவோ தெரியும்மா. எனக்குத் தெரியும்கிறது அவளுக்குத் தெரியாது. இதுல ஒண்ணுமில்லன்னு இப்பவும் சொல்லுவேன். ஆனா அவ இல்லாத நேரத்துல விட்டுப்போச்சுன்னு ஆயிடக் கூடாதுல்ல." நிறுத்தினார். "பயமா இருக்கும்மா."

அவள் பிரஷ்ஷை எடுத்தாள். குங்குமச் சேற்றை வழித்தாள். ஒயர் முனைகளை உரசிப் பளபளப்பாக்கினாள். கிளீனர் அடித்து, ஊதிக் காயவைத்து, உறையை மாட்டினாள்.

சாவியைத் திருப்பினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. பத்து.

விளக்கு அணைந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மணி ஐந்தாக ஐந்து நிமிடம்.

அவர் ஏறவில்லை.

"எல்லாத்தையும் தொடைச்சிட்டீங்களா?"

"துளிகூட இல்லண்ணே."

சொன்ன பிறகுதான் அவர் முகம் போன போக்கைக் கவனித்தாள். நாளைக்கு ஆபரேஷன். இன்றைக்குப் பார்த்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டாள்.

அவளுக்கே என்னவோபோல் ஆகிவிட்டது.

குனிந்து, ஸ்டியரிங் உறையின் அடிப்பக்கத்தை விரலால் தட்டிக் காட்டினாள். "இங்க வைங்க. வண்டிக்கு ஒண்ணும் ஆவாது."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். மோதிர விரலை நீட்டினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணே, எடம் மாறிப்போகுதே. அக்கா வந்து சாவித் துளையில கை வச்சா, அங்க இல்லாம இங்க இருக்கறதைப் பாத்து, வச்சது நீங்கதான்னு தெரிஞ்சிடும்."

உலர்ந்த விரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். கொஞ்சம் கோணல்.

"வரட்டும்மா," என்றார். "வந்து தெரிஞ்சுக்கட்டும்."