கடல் டெஸ்ட்

“உடனே எடுத்துட்டுப் போக முடியாதுக்கா. ரெண்டு மணி நேரம் டெஸ்ட் ஓடணும். அது முடியிற வரைக்கும் நீங்களும் இங்கேயே இருக்கணும்.”

லேப்டாப் மெக்கானிக் கறாராகச் சொல்லிவிட்டான். அந்தப் பெண் உடனே தலையாட்டினாள். சுவரோரம் கிடந்த சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

தன் லேப்டாப்புக்காகப் பக்கத்து ஸ்டூலில் காத்திருந்த வக்கீலுக்குத்தான் சுருக்கென்றது. எங்கே அநியாயம் நடந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். கேஸ் இல்லாத நாட்களில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வேர்க்கும்.

நடந்ததை முழுக்க அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மெக்கானிக் அவளுடைய பழைய லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றினான். ஃபேனில் பிரஷ்ஷை ஓட்டினான். பெரிதாகத் தூசி ஒன்றும் வரவில்லை. திரையில் படம் வரவைக்கும் கிராஃபிக்ஸ் சிப்பின் மேல், சூடு தணியப் பூசியிருந்த பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு பொட்டு வைத்து மூடினான். பத்தே நிமிஷம், வேலை முடிந்தது.

பிறகு அதை மேஜையில் வைத்து ஒரு படத்தை ஓடவிட்டான். திரை முழுக்கக் கடல். அலை வந்து வந்து போனது. அடியில் மீன்கள் அவசரமே இல்லாமல் மிதந்தன.

“இது என்னப்பா?” என்றார் வக்கீல்.

“நான் வச்ச பேரு கடல் டெஸ்ட் சார். பழைய லேப்டாப்புல இந்த சிப்தான் முதல்ல மண்டையைப் போடும், சூடு தாங்காது. இப்படி அலையா ஓட்டினா அதுக்கு வேலை ஜாஸ்தி. வீக்கா இருந்தா தண்ணிக்குக் குறுக்கே கோடு கோடா விழும்.”

கோடு எதுவும் விழவில்லை. நீல வெளிச்சம் சுவரில் நெளிந்தது. மேலே ஃபேன் ஒரே ராகத்தில் சுற்றியது. வெளியே மத்தியான வெயிலில் தெரு அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த அறையே தண்ணீருக்கு அடியில் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. எதற்கு வந்தோம் என்பதையே மறந்து, வக்கீல் ஒரு மஞ்சள் மீனின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.

“சார், உங்க லேப்டாப் ரெடி.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எனக்கும் அதே சிப் கோளாறுதானே?”

“ஆமா சார். நேத்தே மாத்திட்டேன். மூடி மாட்டுறதுதான் பாக்கி இருந்துச்சு.”

“அந்த டெஸ்ட்?”

“காலையில அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பார்த்தேன். போதும், எடுத்துட்டுப் போங்க.”

வக்கீலுக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஏம்ப்பா, ஆளுக்கு ஒரு சட்டமா? எனக்கு அஞ்சு நிமிஷம், அவங்களுக்கு ரெண்டு மணி நேரமா? எதிர்த்துக் கேக்க மாட்டாங்கன்னா என்ன வேணா பண்ணுவியா?”

“மெதுவா பேசுங்க சார்.”

“ஏன் மெதுவா பேசணும்? வீட்ல அவங்களுக்கு ஆயிரம் வேலை கிடக்கும். காத்திருந்து காத்திருந்து, பாவம், தூங்கியே போயிட்டாங்க!”

உண்மைதான். அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு செருப்பு காலை விட்டு நழுவிக் கீழே கிடந்தது.

“நானே எழுப்பி அனுப்பிடறேன். அம்மா…”

அவர் நீட்டிய கையை மெக்கானிக் எட்டிப் பிடித்தான். பிடி இரும்பாக இருந்தது. குரல்தான் கெஞ்சியது.

“எழுப்பாதீங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அப்படியே ஜன்னல் பக்கம் அவரைத் தள்ளிக்கொண்டு போனான்.

“அவங்க லேப்டாப்புல ஒரு கோளாறும் இல்ல. மூணு மாசம் முன்னாடியே புது சிப் போட்டாச்சு. ரொம்பப் பழசாச்சேன்னு அன்னிக்கு நிஜமாவே ரெண்டு மணி நேரம் டெஸ்ட் ஓட்டினேன். உக்காந்த அஞ்சாவது நிமிஷம் தூங்கிட்டாங்க. எழுந்ததும் அழுதுட்டாங்க சார். வீட்ல மாமியார் படுத்த படுக்கை. ரெட்டைப் பிள்ளைங்க, ரெண்டும் கைக்குழந்தை. அதுங்க கண்ணு மூடினா இவங்க இந்த லேப்டாப்புல டைப்பிங் வேலை பார்க்கணும். ‘யாரும் கூப்பிடாம நான் தூங்கி ஒரு வருஷம் ஆச்சு தம்பி’ன்னாங்க.”

“வீட்டுக்காரர்?”

“லேப்டாப் ரிப்பேர்னா மட்டும் லீவு நாள்ல பிள்ளைங்களையும் அம்மாவையும் அவர் பார்த்துக்குவாராம். இது நின்னா இவங்க வேலையே நின்னுடுமே. அதனால பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை ‘சூடாகுது தம்பி’ன்னு கொண்டு வருவாங்க. நானும் தொட்டுப் பார்த்துட்டு, ‘ஆமாக்கா, கொதிக்குது’ன்னு சொல்லுவேன். சூடே இல்லன்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பத்தி நாங்க பேசிக்கிட்டதே இல்ல.”

வக்கீலுக்கு வெட்கமாக இருந்தது. அவர் வீட்டில் அவர் மனைவி எப்போது படுக்கிறாள், எப்போது எழுந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. முப்பது வருஷத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

கடையின் டெலிபோன் அலறியது.

நாற்காலியில் அவள் லேசாகப் புரண்டாள். அடுத்த மணி அடிப்பதற்குள் பாய்ந்து போய் ரிசீவரை எடுத்தது மெக்கானிக் இல்லை, வக்கீல்.

மறுமுனையில் இரண்டு குழந்தைகள் போட்டி போட்டு அழுதன. நடுவே ஓர் ஆண் குரல் மாட்டிக்கொண்டு தவித்தது.

“ஹலோ! என் ஒய்ஃப் லேப்டாப் கொண்டு வந்தாங்களே, வேலை முடிஞ்சுதுங்களா?”

வக்கீல் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அவள் மறுபடி ஆழ்ந்துவிட்டிருந்தாள்.

“எங்கங்க முடிஞ்சுது? சூடு அடங்கவே மாட்டேங்குது. இன்னும் ரெண்டு மணி நேரமாவது ஆகும்.”

“இன்னும் ரெண்டு மணி நேரமா! நிஜமாவா? பேசுறது மெக்கானிக்கா?”

“இல்லங்க, வக்கீல்” என்றார் அவர், அவள் காதில் விழாதபடி குரலை நன்றாகத் தாழ்த்தி. “நான் எதுக்குங்க பொய் சொல்லப் போறேன்?”