ஐந்து மணிக்குள் ஒரு பதில்

மருமகளின் மடிக்கணினியில் புது வேலைக்கான கடிதம் திறந்திருக்கிறது. ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். மாதம் இருமுறை ஆறு மணி நேர ரயில் பயணம், மற்ற நாளெல்லாம் வீட்டிலிருந்தே வேலை. சாய்ந்த வெயில் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. "வீட்டுலயே உக்காந்திருந்தா வேலை போயிடுச்சுன்னு நாலு பேர் பேசுவாங்க" என்று உறுமுகிறார் மாமனார். "அந்த நாலு பேருக்கு வேற வேலை இல்லையா மாமா?" என்கிறாள் அவள், நிமிராமலே. அவருக்குக் காது மடல் சிவக்கிறது. மகன் சமாதானமாகச் சிரிக்கிறான். "நல்லதுதானேப்பா, இனிமே மதியம் உங்களுக்குச் சூடாச் சமைச்சுப் போடுவா." அவள் விரல் விசைப்பலகை மேல் அப்படியே நின்றுவிடுகிறது. நாற்காலி பின்னால் சரிய எழுகிறார் பெரியவர். "என் சோத்தை அவ தலையில கட்ட நீ யாருடா? உங்கம்மா போனதுலேர்ந்து நானே சமைச்சுத் தின்னுட்டிருக்கேன்!" மகனைத் தோளில் பிடித்து வெளியே தள்ளி, தானும் வந்து கதவை அறைந்து சாத்துகிறார். கோபம் அடங்காமல் மூடிய கதவைப் பார்த்து அவளையும் அதட்டுகிறார்: "சரின்னு எழுதும்மா, மணியாகுது!"