சுவருக்கு அந்தப் பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அன்னாள் வீட்டு டி.வி. முன்னால் இருந்தவர்கள் ஐந்து பேர். அன்னாள், அவள் கணவர் ஸ்டீபன்ராஜ், மகள் ஏஞ்சலின், மாடி வீட்டு ரஃபியா, பக்கத்து வீட்டு இசைவாணி. ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று வீடு. மூன்றுக்கும் ஒரே போர்வெல், ஒரே மோட்டார், மொட்டைமாடியில் ஒரே தொட்டி.

படத்தில் மழை பெய்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அரண்மனைக்குள் மட்டும் நீரூற்று பீச்சியடித்தது. மகாராணி, ரோஜாப்பூ மிதக்கும் குளத்துக்குள் இறங்கினாள். கோட்டைச் சுவருக்கு வெளியே சனங்கள் காலிக் குடங்களோடு நின்றார்கள்.

"அடிப் பாவி!" என்றாள் இசைவாணி. "ஒருத்தி குளிக்க இம்புட்டுத் தண்ணியா? கழுத்துல கிடக்குறதைக் கழட்டிக் குடுத்தாலே ஊருக்கு நாலு கிணறு வெட்டலாம்."

"படத்துக்காக ஏத்திக் காட்டுவாங்க ஆன்ட்டி. நெசமா எப்படி இருந்தாளோ," என்றாள் ஏஞ்சலின்.

"நீ என்ன, அவளுக்கு வக்கீலா?" அன்னாள் மகளை அதட்டினாள். "ஏ ரஃபியா, நீ சொல்லு."

ரஃபியா தயங்கினாள். "வெளியில நிக்கிறவங்களை அவளுக்குத் தெரியாம இருந்துருக்கலாம்க்கா."

"தெரியாதா?" என்றாள் அன்னாள். "சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பாத்தா, எத்தனை குடம் காலின்னு தெரிஞ்சிருமே! பாக்க மனசு வரணும். நெஞ்சுல ஈரம் இல்லாதவ."

அன்னாள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இல்லை. அரிசி கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவாள். துணி அலசிய தண்ணீரில் வாசல் கழுவுவாள். ஒரு சொட்டு வீணானால் அவளுக்குப் பொறுக்காது.

பின்பக்கம் சளசளவென்று தண்ணீர் விழும் சத்தம் அவளுக்குத்தான் முதலில் கேட்டது.

"மோட்டாரை இன்னும் அமத்தலையா நீ?"

அந்த மாதம் மோட்டார் போடுவது ரஃபியாவின் முறை.

"அமத்திர்றேன்க்கா. இந்த சீன் முடியட்டும்."

"தொட்டி நிறைஞ்சு எம்புட்டு நேரமா வழியுது! நேத்தும் இப்படித்தான். முந்தாநாளும் இப்படித்தான்."

"மறந்து மறந்து போயிருதுக்கா."

ஸ்டீபன்ராஜ் சிரித்தார். "ராணியை எதுக்குப் படத்துல தேடுறீங்க? நம்ம காம்பவுண்டுலயே ஒரு மகாராணி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ரஃபியாவும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தாள்.

அன்னாள் சிரிக்கவில்லை.

"சிரிக்கிற விசயமா இது? அன்னைக்கு, பின்சந்து நாகஜோதி, புருசன் படுத்த படுக்கையாக் கிடக்கான்னு குடத்தோட நம்ம வாசல்ல வந்து நின்னா. போர் வத்திரும், வெளியாளுக்குத் தண்ணி கிடையாதுன்னு மூணு வீடும் சேந்துதானே முடிவு பண்ணோம்? மனசைக் கல்லாக்கிக்கிட்டு நான்தானே போய்ச் சொன்னேன்? அப்படிக் காப்பாத்துன தண்ணியை நீ சாக்கடைக்கு விடுற!"

ரஃபியா சட்டென்று எழுந்தாள். "நானே போறேன்க்கா. செத்த நேரம்..."

"நீ அமத்துன லட்சணம்தான் தெரியுதே. உக்காரு."

அன்னாள் விறுவிறுவென்று போய், மாடிப்படிக்குக் கீழே இருந்த சுவிட்சைத் தட்டி நிறுத்தினாள். எவ்வளவு வீணாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, ரஃபியாவை இன்னும் நாலு வார்த்தை கேட்க வேண்டும். அப்படியே பின்பக்கம் நடந்தாள்.

தரை காய்ந்து கிடந்தது.

அண்ணாந்து பார்த்தாள். தொட்டி வழிகிற குழாயின் வாயில் பச்சை ஹோஸ் ஒன்று செருகியிருந்தது. அது சுவரோரமாக இறங்கி, மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் போனது.

துவைக்கிற கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்தாள்.

சந்துக்குள் வரிசையாகக் குடங்கள். நாகஜோதி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஹோஸில் தங்கியிருந்த கடைசித் தண்ணீரைக் குடத்துக்குள் உதறிக்கொண்டிருந்தாள். மேலே ஆள் அரவம் கேட்டும் நிமிரவில்லை. மெல்லிய குரலில் பேசினாள்.

"என்ன ரஃபியாக்கா, இன்னைக்கு அந்தம்மா பாத்துட்டாங்களா? பரவால்லக்கா. குடிக்க, சோறு பொங்க இது போதும். அவரை நாளைக்குக் குளுப்பாட்டிக்கிறேன்."

அன்னாளின் கண், பழக்கத்தில், குடங்களை எண்ணியது.

பதினோரு குடம். நிறைந்தது எட்டு.

காலியாக இருந்தது மூன்று.