‘ஷானன் குரல்’ வாசகர்

“பத்திரிகையை மூடப்போறீங்களா? அண்ணே, என் தலையில கல்லைத் தூக்கிப் போடாதீங்க!”

கதவைத் தட்டவும் மறந்து உள்ளே வந்திருந்தார் ட்ரேசி. பாஸ்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். அயர்லாந்து விடுதலைக்காக நடக்கும் ‘ஷானன் குரல்’ வாரப் பத்திரிகை அச்சாகும் நாளில் முதல் பிரதிக்கு வந்து நிற்பவர்.

ஆசிரியர் ஹன்ராட்டி மை படிந்த கைகளை விரித்தார். “என்னை என்ன செய்யச் சொல்றே? அயர்லாந்துலேர்ந்து கப்பல்ல வந்தவனுக்குத்தான் ஆங்கிலேயன் மேல கோபம். இங்கே பொறந்த பசங்களுக்கு பேஸ்பால்ல யார் ஜெயிச்சான்னுதான் கவலை. நாளைக்குக் கடைசி இதழ். அப்புறம் மச்சானோட உருளைக்கிழங்கு மண்டிக்கு வேலைக்குப் போறேன்.”

“புலி மாதிரி எழுதின கை, உருளைக்கிழங்கு எண்ணப் போகுதா?”

“எண்ண மாட்டாங்கப்பா. நிறுத்துதான் போடுவாங்க.”

காகிதக் கட்டுகளை ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்த ஆசிரியரின் மனைவி டீலியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மண்டி வேலை அவள் ஏற்பாடுதான். மை வாடை இல்லாத சட்டை, மாதம் தவறாத சம்பளம். நினைத்தாலே நிம்மதியாக இருந்தது. ஆனால் சில நாட்களாகக் கணவர் சாப்பாட்டுத் தட்டின் முன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த மௌனத்துக்குக் காரணம் யார் என்று அவள் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாமல் தப்பித்து வந்தாள்.

“அண்ணி, நீங்களாவது சொல்லுங்க,” ட்ரேசி அவள் பக்கம் திரும்பினார். “இந்தப் பத்திரிகை இல்லேன்னா எனக்குச் சாப்பாடே இறங்காது. என் புள்ளைங்க மேல சத்தியம்!”

அவர் கண்கள் நிறைந்துவிட்டன. டீலியாவுக்குச் சுருக்கென்றது. மூட்டை தூக்குகிற மனிதருக்கு வருகிற கண்ணீர், பக்கத்திலேயே இருந்த எனக்கு ஏன் வரவில்லை?

“மூட வேண்டாங்க,” என்றாள். “மண்டி வச்சிருக்கிற எங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்.”

“நெஜமாவா சொல்றே, டீலியா?”

“என் மனசு மாறறதுக்குள்ள போய் எழுதுங்க.”

ட்ரேசி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அண்ணே, போன வாரத் தலையங்கத்துல காரம் பத்தலை. இந்தத் தடவை படிக்கிற ஆங்கிலேயனுக்குப் புரை ஏறணும். அப்படியே, நம்ம விடுதலைக் கூட்டத்துக்கு யார் யாரெல்லாம் வர்றாங்கன்னு பேரையும் போட்டுடுங்க. பெருமையா இருக்கும்.”

“போட்டுட்டாப் போச்சு!” ஹன்ராட்டி ஏற்கெனவே பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

நாலு தெரு தள்ளி, திரை இழுத்து மூடிய ஓர் அறை. விக்டோரியா ராணியின் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஆங்கிலேய அதிகாரி முன் ட்ரேசி தொப்பியைக் கழற்றினார்.

“பத்திரிகை நிக்கலை, துரை. வழக்கம்போல வேவு பார்த்து வாராவாரம் சேதி கொண்டுவந்துடறேன்.”

துரை நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டார். “வயித்துல பாலை வார்த்தே! அது நின்னிருந்தா லண்டன்காரங்க நம்ம கடையையும் சேர்த்துல்ல மூடியிருப்பாங்க!”