ஒரு சொல்லுக்கு இத்தனை பாடா?

"எடுக்கிறதுக்கு இன்னும் எத்தனை வார்த்தைங்க இருக்கு, மேடம்?"

தையல்கடை அக்கா மறுபடி ஆரம்பித்ததும் சீன மொழி வகுப்பே முனகியது.

ஆசிரியை பொறுமையை வரவழைத்துக்கொண்டாள். "கையில ஒரு பொருளை எடுத்தா 'நா'. குடுத்து வெச்சதைத் திரும்ப வாங்கினா 'ச்யூ'. நமக்குன்னு ஒதுக்கினதைப் போய் வாங்கினா 'லிங்'. போதுமா?"

"ஆளைன்னா?"

"ஆளை எடுக்க முடியுமா? போய் அழைச்சுக்கிட்டு வரணும். அது 'ஜியே'."

"அக்கா ஆள் கடத்தப் போறாங்க போல!" என்றார் பின்வரிசை மளிகைக்கடைக்காரர். ஒரே சிரிப்பு.

அக்கா சிரிக்கவில்லை. "ஜியே... ஜியே..."

"குரலை இறக்காதீங்க. இறக்கினா 'இரவல் வாங்குறது'ன்னு அர்த்தம் மாறிடும்."

அக்காவின் முகம் வெளிறியது.

அன்றிலிருந்து விலை கேட்பது, வழி கேட்பது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அந்த ஒரே சொல்லைச் சொல்லிக்காட்டி, "சரியா, மேடம்?" என்று உயிரை எடுத்தாள்.

ஒரு நாள் ஆசிரியை வெடித்தாள். "ஒரு வார்த்தைக்காக வகுப்பையே நிறுத்துறீங்க. கொஞ்சம் தப்பாச் சொன்னாத்தான் என்ன, குடியா முழுகிடும்?"

அக்கா தயங்கினாள். "சனிக்கிழமை என்கூட ஓரிடத்துக்கு வர்றீங்களா? அங்க தப்பாச் சொல்லிடக் கூடாதுங்க."

அது ஒரு குழந்தைகள் இல்லம். அக்காவும் கணவரும் தத்தெடுக்கவிருந்த சிறுமிக்குச் சீனம் மட்டும்தான் தெரியும். கட்டிலுக்குப் பின்னால் ஒண்டி நின்றிருந்தாள்.

அக்கா தரையில் உட்கார்ந்தாள். குரல் இறங்காமல் சொன்னாள்: "வோ லாய் ஜியே நீ ஹுய் ஜியா."

உன்னை வீட்டுக்கு அழைச்சுட்டுப் போக வந்திருக்கேன்.

சிறுமி அவளையே பார்த்தாள். பிறகு குரலை இறக்கிக் கேட்டாள்: "ஜியே?"

ஆசிரியைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரவலாவா என்று கேட்கிறாள் குழந்தை!

ஆசிரியை வாய் திறப்பதற்குள் அக்கா தலையை அசைத்து மறுத்தாள். "இல்லம்மா. ஜியே." குரல் நடுங்கியது, இறங்கவில்லை.

சிறுமி மெல்லக் கட்டிலில் ஏறி, தன் தலையணையை எடுத்து அணைத்துக்கொண்டு வந்து அக்கா பக்கத்தில் நின்றாள்.

இல்லத்துத் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு வீட்டுக்காரங்க இவளைக் கூட்டிட்டுப் போய், திரும்பக் கொண்டுவந்து விட்டுட்டாங்க. அப்பல்லாம் இந்தத் தலையணையை இங்கயே வெச்சுட்டுத்தான் போனா."