நாக்கில் ஒட்டாதது

கல்லாய்ப்போன எலும்பு பொறுக்கப் பேராசிரியர் ஆராவமுதன் மறுபடியும் அந்த வறண்ட பள்ளத்துக்குக் கிளம்புகிறார். அதற்கு வழி தெரிந்த ஒரே ஆள் துளசிங்கம். போன தடவை கற்களை ஏற்றியதும் ஜீப்பில் இடமில்லாமல் போக, நாளைக்கு வந்து கூட்டிப்போகிறோம் என்று துளசிங்கத்தைப் பள்ளத்திலேயே இறக்கிவிட்டார்கள். வழியில் வண்டி படுத்துவிட்டது. ஒரு வாரம் கழித்து, வழி தெரியாமல் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தால் ஆளையே காணோம்.

துளசிங்கம் வரைந்து வைத்திருந்த பாதைப் படத்தைக் கேட்டு இப்போது வீடு தேடி வந்திருக்கிறார் பேராசிரியர். துளசிங்கத்தின் மனைவி பவளக்கொடி அதை எடுத்து வந்து நீட்டினாள். ஆனால் பிடியை விடவில்லை.

"எலும்பும் கல்லும் ஒண்ணாக் கிடக்குமே, எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?"

தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டால் அந்த மனுஷனுக்குக் குஷி தாங்காது. "நக்கிப் பார்ப்போம்மா! கோடி வருஷத்து எலும்புன்னா நாக்குல பச்சக்னு ஒட்டும். புது எலும்பு ஒட்டாது, தூர வீசிடுவோம்."

"வீசிடாதீங்க சார். ஒட்டாதது எங்க வீட்டுக்காரரா இருக்கும். ஒரு துணியில கட்டி எடுத்தாந்து குடுங்க."

பவளக்கொடி பிடியை விட்டாள். படத்தைக் கசங்காமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார் பேராசிரியர்.

"வண்டியில இடம் இருந்தா பாக்கலாம்மா" என்றார்.